மலைவழியில் இரு சுமைகள்

முதுகில் சுமையேற்றி நடப்போர் இவ்வுலகில் இரு வகையினர். சுமக்காவிடில் அடுப்பெரியாது என்பதற்காகச் சுமப்போர் ஒரு வகையினர். வீட்டில் எல்லாம் இருந்தும், அவற்றுள் இன்றியமையாத சிலவற்றை மட்டும் ஒரு பையிலிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, காடும் மலையும் கடலோரமும் காணப் புறப்படுவோர் மற்றொரு வகையினர். முன்னவரை நாம் கூலியாள் என்கிறோம். பின்னவரைப் பயணி என்கிறோம். இவ்விருவரும் ஓர் ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வந்தால் யார் யாருக்கு வழிவிட வேண்டும்? ஜவ்வாது மலையில் நாங்கள் கணவனும் மனைவியுமாய்க் கழித்த ஆறு நாட்கள் இந்தக் கேள்வியை எங்கள்முன் வைத்தன.

அப்பயணத்திற்கு வித்திட்டவர்கள் எங்கள் மகனும் மருமகளும். அயல்நாட்டில் பணிபுரியும் அவர்கள், ஒரு விடுமுறையில் பிரேசில் நாட்டிலுள்ள இல்லா கிராண்டே என்னும் தீவுக்குச் சென்று வந்தார்கள். ‘பெரிய தீவு’ என்பதே அப்பெயரின் பொருளாம். ரியோ டி ஜெனீரோ மாநிலத்தின் கரைக்கு அப்பால், அடர்ந்த காடு போர்த்த மலைகளோடு அட்லாண்டிக் கடலில் கிடக்கும் தீவு அது. அங்கே தனியார் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. அப்ராவோ என்னும் சிற்றூரில் படகை விட்டு இறங்குவோர், முதுகுப்பையைச் சுமந்துகொண்டு காட்டுப் பாதைகளில் நடந்தோ, மீண்டும் படகேறியோதான் கடற்கரைகளை அடைய வேண்டும். 1994 வரை அத்தீவில் ஒரு கொடுஞ்சிறை இருந்தது. அது மூடப்பட்டு இடிக்கப்பட்ட பின்னரே உல்லாசப் பயணிகள் பெருகினர். ஒரு காலத்தில் மனிதரைத் தண்டிக்கப் பயன்பட்ட தனிமையை இன்று மனிதர் பணம் கொடுத்துத் தேடிச் செல்கின்றனர்.

நிழற்படங்களைக் காட்டிவிட்டு மகன் சொன்னான்: “நீங்களும் ஒரு தடவை இப்படி நடந்து பாருங்களேன். நம்ம ஊர்ப் பக்கமே மலை இருக்குதேப்பா.” சொன்னதோடு நில்லாமல், தாங்கள் பயன்படுத்திய இரு முதுகுப்பைகளையும் எங்களிடமே விட்டுச் சென்றான்.

எங்கள் ஊர் வேலூர். வீட்டு மாடியில் நின்று தென்மேற்கே நோக்கினால், வானத்தின் அடியில் நீலக் கோடாய்த் தெரிவது ஜவ்வாது மலை. பணி ஓய்வு பெற்றுவிட்டோம், பிள்ளைகளும் நிலைபெற்றுவிட்டனர். முழங்கால்கள் இன்னும் சொன்ன சொல் கேட்கின்றன. கிறிஸ்து பிறப்பு விழாவும் புத்தாண்டும் முடிந்த வாரத்தில் புறப்பட்டோம். ஒரு பையில் ஒன்பது கிலோ, மற்றதில் ஏழு கிலோ. கம்பளி, மாற்றுடை, மருந்து, டார்ச் விளக்கு, தண்ணீர், கொஞ்சம் அவல், வெல்லம். இவ்வளவுதான் எங்கள் உலகம்.

*

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை, இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. திருப்பத்தூர் மாவட்டம் 2019-இல் வேலூரிலிருந்து பிரிக்கப்பட்டது. மலைக்கு மாவட்ட எல்லை தெரியாது. ஆனால் மலையில் வாழ்பவர்க்கு, எந்த அலுவலகத்தில் எந்த மனுவைக் கொடுப்பது என்பதை அந்த எல்லையே முடிவு செய்கிறது. சிகரங்கள் ஏறத்தாழ ஆயிரத்து நூறு மீட்டர் உயரமுள்ளவை. ஊட்டியையும் கொடைக்கானலையும் கண்டவர்க்கு இது பெரிய உயரமன்று. எனினும் செய்யாறு இம்மலையில் பிறந்துதான் பாலாற்றில் கலக்கிறது. கீழே நெல் விளைவிக்கும் பல ஊர்களின் தண்ணீர் மேலேயுள்ள காட்டின் கொடை.

முதல் நாள் சனிக்கிழமை. வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகப் பேருந்தில் காவலூர் சேர்ந்தோம். அங்கேதான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. நகர விளக்குகளின் ஒளி எட்டாத இருளும் தெளிந்த வானமும் வேண்டும் என்று தேடிய வானியலறிஞர் வைணு பாப்பு இந்தக் காட்டைத் தேர்ந்தார். 1968-இல் ஒரு சிறு தொலைநோக்கியோடு அங்கே ஆய்வு தொடங்கிற்று. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. பாப்பு 1982-இல் மறைந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி, 1986-இல் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தியால் தொடங்கி வைக்கப்பட்டு, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டறிந்தபோது, அதற்குச் சான்று தந்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 1988-இல் இங்கிருந்து கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பட்டது.

பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிக்கிறார்கள். அன்றிரவு, குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்று, சிறு தொலைநோக்கி ஒன்றின் வழியே வியாழனையும் அதன் நிலவுகளையும் கண்டோம். ஒரு பொன்மணியும், அதன் அருகே நூலில் கோத்தாற்போல் சில ஒளிப்புள்ளிகளும். எங்களுக்கு முன் நின்ற பள்ளிச் சிறுமி ஒருத்தி கண்ணை எடுக்க மனமின்றி நின்றாள். அவளுடைய தந்தை, “போதும் பாப்பா, பின்னாடி ஆள் நிக்கிறாங்க” என்று தோளைத் தொட்டு அழைத்தார். வெளியே வந்து தலை நிமிர்ந்தபோது, நகரத்தில் நாங்கள் மறந்தே போயிருந்த அத்தனை விண்மீன்களும் தத்தம் இடத்தில் இருந்தன.

மறுநாள் பேருந்தில் ஜமுனாமரத்தூர் சென்றோம். மலையின் தலைமை ஊர் அது. கோமுட்டேரியின் கரையில் சற்று அமர்ந்திருந்துவிட்டுப் பீமன் அருவிக்கு நடந்தோம். மழைக்காலம் முடிந்திருந்தமையால் தண்ணீர் ஆரவாரமின்றி இறங்கிக்கொண்டிருந்தது. சாலையோரத்தில் தேனும் புளியும் சாமையரிசியும் வைத்து விற்றார்கள். காரில் வந்தவர்கள் கண்ணாடியை இறக்கி, விலை கேட்டு, மீண்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

*

மூன்றாம் நாள்தான் எங்கள் நடைப்பயணம் உண்மையாகவே தொடங்கிற்று. இம்மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் பணிபுரியும் நண்பர், தம் மாணவனாயிருந்த இளைஞன் ஒருவனின் வீட்டில் நாங்கள் தங்க ஏற்பாடு செய்திருந்தார். தார்ச்சாலை முடியும் இடத்தில் அவன் காத்திருந்தான். அங்கிருந்து அவன் ஊருக்கு மூன்று மணி நேர நடை என்றான். எங்களுக்கு ஐந்து மணி நேரமாயிற்று. நாவலும் கடுக்காயும் புளியும் நிழல் தந்தன. அறுவடை முடிந்த சாமைக் கொல்லைகள் சரிவுகளில் பொன்னிறத் தாளோடு கிடந்தன. ஓடைகள் குறுக்கிடும் இடங்களில் கல்மேல் கால்வைத்துத் தாண்டினோம். பேச்சு தானாகவே குறைந்தது. முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருக்கிறோம். ஆனாலும் ஒருவர் மூச்சின் ஓசையைக் கேட்டு மற்றவர் நடையின் வேகத்தைக் குறைப்பது எங்களுக்குப் புதிதாக இருந்தது. இல்லற வாழ்வில் பேசித் தீராத சில சிறு கணக்குகள் நடையில் தீர்ந்துவிடுகின்றன.

ஊர் என்பது இருபது வீடுகள். சில அரசு கட்டித் தந்த காங்கிரீட் வீடுகள். சில மண் சுவரும் புல் கூரையும் கொண்டவை. வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த இளைஞனின் பாட்டி எங்கள் முதுகுப்பைகளை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னா சாமி விக்கிறீங்க? சீலையா, பாத்தரமா?”

தவணைக்குத் துணி விற்போர் இப்படித்தான் மூட்டை சுமந்து மலையேறி வருவது வழக்கமாம். “விக்க ஒண்ணுமில்லைங்க பெரியம்மா. மலையைப் பாக்கலாம்னு நடந்து வந்தோம்” என்றோம். அவர் நம்பவில்லை. பேரன் எடுத்துச் சொன்ன பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “மலையப் பாக்குறதுக்கு எதுக்கு சாமி மூட்டை? மலை இங்கயேதான இருக்குது!”

அன்றிரவு எங்களுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கிடைத்தன. சாமை இம்மலையின் தாய்ப் பயிர். பாறைக் களத்தில் அடித்துத் தூற்றி, உரலில் குத்திப் புடைத்துச் சோறாக்கும் வரையிலுள்ள உழைப்பைப் பார்த்தால், ஒரு பருக்கையையும் தட்டில் விட மனம் வராது. நகரக் கடைகளில் இன்று சிறுதானியம் என்ற பெயரில் கண்ணாடித்தாளில் கட்டிப் பெருவிலைக்கு விற்கிறார்கள். அதை விளைவித்த வீட்டிலோ, “அரிசி இல்லாமப் போச்சு, கோவிச்சுக்காதீங்க” என்று எங்களிடம் வருந்தினார்கள்.

இம்மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்பதே பெயரின் பொருளென்பர். தமிழே அவர்கள் மொழி. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி என்பவரின் துணையோடு 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய பெருநூலில் இவர்களுடைய தோற்றம் குறித்து ஒரு கதை பதிவாகியுள்ளது. காஞ்சிபுரத்து வேளாளப் பெண்கள் எழுவரைக் கங்குந்தி வேடர்கள் கவர்ந்து சென்றனராம். அவர்களை மீட்க ஆடவர் எழுவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். “நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் மாண்டோம் என்று கொண்டு சடங்குகளைச் செய்துவிடுங்கள்” என்று மனைவியரிடம் கூறிச் சென்றனர். வழியில் பாலாறு கரைபுரண்டு ஓடிற்று. ஆடவர் அரும்பாடுபட்டு நீந்திக் கடந்தனர். நாய்களோ பாதி ஆற்றில் திரும்பி ஊர் போய்ச் சேர்ந்தன. பகைவரை வென்று வீடு திரும்பிய எழுவரும் கண்டது என்ன? மனைவியர் கைம்மைக் கோலம் பூண்டிருந்தனர். ஈமச் சடங்குகள் முடிந்திருந்தன. உயிரோடு நின்ற அவர்களுக்கு ஊரில் இடமில்லை. அவர்கள் வேடர்குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி உழுது வாழ்ந்தனர் என்று கதை முடிகிறது.

வீட்டுப் பெரியவரிடம் இதைக் கேட்டோம். “எங்க பாட்டன் முப்பாட்டன் காஞ்சீபுரத்துலேர்ந்து வந்தவங்கன்னு சொல்லுவாங்க சாமி. அதுக்கு மேல தெரியாது” என்றார். வரலாறா, புனைவா என்று ஆய்வோர் முடிவு செய்யட்டும். அன்றிரவு கம்பளிக்குள் படுத்திருந்த எங்களுக்கு அக்கதையின் ஒரு பகுதி மட்டும் உறக்கம் தரவில்லை. அவர்கள் இறக்கவில்லை. கீழே இருந்தவர்கள்தாம், இறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள்.

*

மலைவழிப் பயணம் தமிழர்க்குப் புதிதன்று. அதற்கென்று ஓர் இலக்கியமே நம்மிடம் உண்டு. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்றும் வழங்கப்படுகிறது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகள் கொண்டது. ஜவ்வாது மலையின் அடிவாரத்திலுள்ள இன்றைய செங்கத்தை அன்று செங்கண்மா என்றனர். அங்கிருந்து ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் பாட்டு அது. நவிரம் என்று அதில் வரும் மலையை இன்றைய பர்வதமலை என்றும், சேயாற்றை இன்றைய செய்யாறு என்றும் கொள்வர்.

அக்கூத்தரும் எங்களைப் போலவே தோளில் பை சுமந்தவர்கள். முழவும் யாழும் குழலும் இட்டுக் கட்டிய பைகள் அவை. பாம்புப் புற்று எங்கே, பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாசி படர்ந்து வழுக்கும் பாறை எது, யானையை விரட்டக் கவண்கல் வந்து விழும் புனம் எது என்று புலவர் ஒவ்வொன்றாய் எச்சரிக்கிறார். பின்னர், மலையூர்களில் கிடைக்கப்போகும் விருந்தைச் சொல்கிறார். முன்பின் அறியாத கூத்தரை மலைவாழ் மக்கள் உறவினரைப் போல் எதிர்கொண்டு, இறைச்சியும் தினைச்சோறும் ஊட்டுவார்களாம். வழியில் நடுகற்கள் நிற்கும் என்றும் அவர் சொல்ல மறக்கவில்லை. அவ்வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாகவே வெளியிட்டது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அணித்தான காலத்தில் எழுந்த அவ்வழிகாட்டியையும், இன்று சுற்றுலாவுக்கென அச்சிடப்படும் கையேடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். கையேடு இடங்களைச் சொல்கிறது. அருவி, ஏரி, படகுத்துறை, உயர்ந்த காட்சிமுனை. பழம்பாட்டோ மனிதரைச் சொல்கிறது. எந்த ஊரில் யார் உன்னை வரவேற்பார், அவரிடம் நீ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறது. நம் முன்னோர்க்கு மலை என்பது காணும் பொருளாக மட்டும் இருக்கவில்லை. அது விருந்தளிக்கும் வீடாகவும் இருந்தது.

*

நான்காம் நாள் காலை, பெரியம்மா தந்த கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு, மேட்டு வழியாய் அடுத்த சிற்றூருக்கு நடந்துகொண்டிருந்தோம். பனி விலகி, வெயில் மரங்களினூடே இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு மயில் அகவியது. ‘இதைவிட அழகான வழி உலகில் உண்டோ’ என்று நாங்கள் வியந்து நின்ற அந்த வளைவில், எதிரே ஆள் வரும் அரவம் கேட்டது.

“வழி விடுங்க சாமி! வழி விடுங்க!”

நால்வர் ஒரு மூங்கில் கழியைத் தோளில் தாங்கி விரைந்து வந்தனர். கழியில் போர்வையைத் தூளியாய்க் கட்டியிருந்தனர். உள்ளே ஒரு பெண். நிறைசூலி. அவள் முகம் தெரியவில்லை. கழியைப் பற்றிய விரல்கள் மட்டும் தெரிந்தன. பின்னால் ஒரு மூதாட்டி துணிமூட்டையோடு ஓட்டமும் நடையுமாய் வந்தார். டோலி கட்டித் தூக்கிப் போகிறார்கள், தார்ச்சாலை முனையில் 108 வண்டி நிற்கும் என்று எங்களோடு வந்த இளைஞன் சொன்னான். நாங்கள் பாதையை விட்டிறங்கி முட்செடிகளுக்குள் ஒதுங்கி நின்றோம். மூச்சிரைக்க ஓடிய மூதாட்டியின் மூட்டையை எங்களுள் ஒருவர் வாங்கிக்கொள்ள, வந்த வழியே திரும்பிச் சாலை வரை அவர்களோடு நடந்தோம். முதல் நாள் எங்களுக்கு ஐந்து மணி நேரமான வழியை அவர்கள் இரண்டரை மணியில் கடந்தனர். தோள் மாற்றும்போதன்றி வேறெங்கும் நிற்கவில்லை. எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. நாங்கள் சாலை முனையை அடைந்தபோது அவளை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். மூட்டையைக் கொடுத்தோம். மூதாட்டி இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் ஏறி அமர்ந்தார். பெண்குழந்தை, இருவரும் நலம் என்று மறுநாள் செய்தி வந்தது.

அது நலமாய் முடிந்தது. எல்லாம் அப்படி முடிவதில்லை. 2023-ஆம் ஆண்டு மே மாதம், ஜவ்வாது மலைத்தொடரின் வேலூர்ப் பக்கமுள்ள அல்லேரியில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தையைப் பாம்பு தீண்டியது. நல்ல சாலை இல்லாமையால் மருத்துவமனை சேர்வதற்குள் காலம் கடந்துவிட, குழந்தை இறந்தது. திரும்புகையில், உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் மேலே செல்ல வழியின்றிப் பாதியில் நின்றது. தாய் தன் குழந்தையைக் கைகளில் ஏந்திக்கொண்டு மலைப்பாதையில் நடந்தாள். அச்செய்தி நாளேடுகளில் வந்தபோது தமிழகமே கண்கலங்கியது. நாங்களும் படித்தோம், கலங்கினோம். அந்தத் தாய் நடந்தது எத்தகைய வழி என்பது, அதைப் போன்ற ஒரு வழியில் எங்கள் கால்கள் நடந்த பின்னரே புரிந்தது.

மகனின் தீவு அப்போது நினைவுக்கு வந்தது. அங்கே வண்டி இல்லாமை ஓர் அழகு. அதற்காகவே மக்கள் கடல் கடந்து செல்கின்றனர். இங்கேயும் வண்டி இல்லாமைதான் எங்களை ஈர்த்தது. அந்த அமைதி, அந்தப் பறவைக் குரல், அந்தத் தூய காற்று. சாலை வந்தால் இவை குறையும் என்பது பொய்யன்று. ஜமுனாமரத்தூர்ச் சாலையோரத்தில் கிடந்த நெகிழிப் புட்டிகளையும் உடைந்த மதுப்புட்டிகளையும் பார்த்தவர்கள் நாங்கள். சாலையோடு மருத்துவரும் வருவார். மலை நிலத்தை மலிவாய் வாங்கி விடுதி கட்ட நினைப்பவரும் வருவார்.

இருந்தாலும், இந்தத் தராசில் எதை எதற்கு எதிரே வைக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் வந்து போகும் எங்களுடைய மன அமைதி. மறு தட்டில் ஒரு குழந்தையின் மூச்சு. பயணிகளாகிய எங்கள் சுமையை விரும்பியபோது இறக்கி வைக்கலாம். அந்த நால்வரின் தோளில் இருந்த சுமையை இறக்கி வைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. எங்களுக்குக் காட்சியாயிருந்த வழி அவர்களுக்குப் பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் வழி. எனவே சாலை வேண்டுமா என்பதை மலையைப் பார்க்க வந்தவர் சொல்லக் கூடாது. மலையில் இருப்பவர் சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டும் என்கிறார்கள். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. நிலமும் காடும் கைமாறாமல் காப்பது சாலை போடுவோரின் அடுத்த கடமை. அதைச் சாலை போடாமலிருக்கக் காரணமாக்குவது அறமன்று.

*

கடைசி இரவு, அடுப்பின் கணப்பில் அமர்ந்திருந்தபோது பெரியம்மா தம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். மூத்தவர் கர்நாடகத்துக் காபித் தோட்டத்தில் இருக்கிறார். இளையவர் கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போயிருக்கிறார். சாமை ஆறு மாதத்துக்குக் காணும். மீதி ஆறு மாதத்துக்கு ஊர் இறங்கத்தான் வேண்டும். “கூப்புட்டவன்கூடப் போவாதீங்கடான்னு சொல்லித்தான் அனுப்புவேன் சாமி. எங்க கூட்டிக்கினு போறான்னு யாருக்குத் தெரியும்?” என்றார்.

அந்த அச்சத்திற்கு ஒரு நாள் உண்டு. 2015 ஏப்ரல் 7. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி, அம்மாநிலத்தின் சிறப்புக் காவற்படை இருபது தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. இறந்தவருள் பலர் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவற்படை. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. ஒரு காலத்தில் சந்தன மரங்களுக்குப் பெயர் பெற்றிருந்த மலை இது. சந்தனத்தாலும் செம்மரத்தாலும் செல்வம் சேர்த்தவர் யார் யாரோ. கோடரி பிடித்தவனுக்குக் கிடைத்ததோ கூலி. இருபது பேருக்குக் குண்டு. நிரை மீட்டு இறந்த வீரனுக்கு அடிவாரத்தில் கல் நட்டு வைத்தார்கள் நம் முன்னோர். பிள்ளைகளின் பசி தீர்க்கப் போய் இறந்தவனுக்கு நாம் எதை நட்டோம்? சில நாள் செய்தி, பிறகு மறதி. பாலாற்றங்கரையில் நாய்கள் திரும்பியதும் சடங்கை முடித்துக்கொண்டவர்களின் கதை, ஒரே ஒருமுறை நடந்து முடிந்த கதையன்று.

ஆயினும் மலை இறங்குபவர் எல்லாரும் கூலிக்கே இறங்குவதில்லை. ஜவ்வாது மலைப் பகுதியிலுள்ள புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் இளம்பெண், உரிமையியல் நீதிபதி பதவிக்குத் தேர்வான செய்தி 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. அப்போது அவருக்கு அகவை 23. பிள்ளை பெற்ற இரண்டாம் நாள், சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதியவர் அவர். இச்செய்தியை எங்களோடு வந்த இளைஞன்தான் பெருமையோடு சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் தோள் நிமிர்ந்தது. நீதி கேட்டு மனுவோடு வரிசையில் நின்ற குடியிலிருந்து நீதி வழங்க ஒருவர் புறப்பட்டுவிட்டார். மலையின் வழிகள் இனி மேலிருந்து கீழாகவும் வகுக்கப்படும்.

*

புறப்படும் காலையில், தங்கியதற்கும் உண்டதற்குமாக ஒரு தொகையை உறையிலிட்டு நீட்டினோம். பெரியம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “சோத்துக்குக் காசு வாங்குனா நீங்க விருந்தாளி இல்ல சாமி, கிராக்கி.” நகர வாழ்வில் நாங்கள் எத்தனையோ இடங்களில் கிராக்கியாய் இருந்திருக்கிறோம். விருந்தாளியாய் இருந்த இடங்களை விரல்விட்டு எண்ணலாம். தேனும் சாமையும் வாங்கிக்கொண்டோம். அவற்றுக்குச் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தோம். அதை மகிழ்வோடு பெற்றுக்கொண்டார். அவர் மனத்தில் கொடைக்கும் வணிகத்துக்கும் இடையே இருந்த கோடு அவ்வளவு தெளிவானது.

போகும் வழியில் இளைஞன் எங்களைக் கல் வீடுகள் நிற்கும் ஒரு பாறைமேட்டிற்கு அழைத்துச் சென்றான். பெரும் பலகைக் கற்களைச் சுவராய் நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த சிறு அறைகள். முன்னொரு காலத்தில் குள்ள மனிதர் வாழ்ந்த வீடுகள் என்று மலை மக்கள் சொல்கிறார்கள். பெருங்கற்கால மக்கள் தம்மில் இறந்தோர்க்காக எழுப்பியவை என்று ஆய்வாளர் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய கற்களையும் யாரோ சுமந்துதான் வந்திருக்க வேண்டும். மறக்கக் கூடாத ஒருவருக்காகச் சுமக்கும்போது கல்லின் கனம் தெரிவதில்லை போலும்.

அங்கிருந்து நடந்து சாலை சேர்ந்து, அத்திமூர் வழியாகப் போளூருக்கு இறங்கும் பேருந்தில் ஏறினோம். முதுகுப்பைகளை மடியில் வைத்துக்கொண்டோம். தேனும் சாமையும் சேர்ந்ததால் அவை முன்னிலும் கனத்தன.

விடுமுறையில் மலையேற எண்ணும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். செல்லுங்கள், கால்கள் ஒத்துழைக்குமானால் நடந்தே செல்லுங்கள். அருவியைக் காணுங்கள், விண்மீன்களைக் காணுங்கள். கூடவே, அந்த வழியில் அன்றாடம் நடப்பவர் யார் என்று கேளுங்கள். அவர்கள் விளைவித்ததை அவர்கள் சொன்ன விலைக்கு வாங்குங்கள். கொண்டுபோன குப்பையை அங்கே விடாமல் திரும்பக் கொண்டு வாருங்கள். கீழே வந்தபின், அவ்வூர்ச் சாலைக்காகவும் பள்ளிக்காகவும் மருத்துவருக்காகவும் எங்கேனும் ஒரு மனுவில் கையெழுத்து வேண்டப்பட்டால், நாம் அங்கே உண்ட சோற்றை நினைத்துக் கையெழுத்திடுங்கள். ஒற்றையடிப் பாதையில் எதிரே சுமையோடு ஒருவர் வந்தால், கீழே இறங்கி வழிவிட வேண்டியவர் எப்போதும், தம் சுமையை இறக்கி வைக்க வல்லவரே.